தொட்டியத்து மாமா மறைத்த சேதி

என் தங்கையின் வீட்டுக்காரர் இறந்துபோன சேதியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, அவரைப் பெற்ற அப்பா எங்கள் வீட்டில் தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டார். இலை போட்டுப் பரிமாறியவள் நான். ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று என் மருமகள் சொல்வாள், அவளுக்கு என்ன தெரியும்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருகிறவர் வீட்டுக்குள் நுழைய மாட்டார். தெருவில் நின்றபடியே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்க மாட்டார். பெற்ற பிள்ளை செத்தால் தகப்பனுக்குத் தீட்டு. தலைக்கு எண்ணெய் கிடையாது, புதுத்துணி கிடையாது, இன்னொருத்தர் வீட்டு நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஊரில் நாலு பேருக்கு முறை சொல்லுகிற அந்த மனுஷர், அத்தனையையும் மீறிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு மணையில் உட்கார்ந்தார்.

சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம் அது. நான் ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன்; என் வீட்டுக்காரருக்குக் கோயில் பக்கத்தில் பாத்திரக்கடை. பிறந்த வீடு தென்னூர். அப்பாவுக்கு வாழைக்காய் மண்டியில் வேலை. மண்டிக்குத் தார் கொண்டுவந்து இறக்குகிற விவசாயிகளில் ஒருவர்தான் தொட்டியத்து மாமா. சம்பந்தி ஆவதற்கு முன்பே எங்களுக்கு அவர் மாமாதான். வரும்போதெல்லாம் ஒரு சீப்புப் பூவன் பழத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார். மனைவி எப்போதோ தவறிவிட்டாள். ஒரே மகன். அந்த மகன் வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்காமல் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"வாழைக்குத் தண்ணி கட்டுடான்னா மம்பட்டியத் தொட மாட்டான். இப்ப அங்க போயி மலைய வெட்டி ரோடு போடுறானாம்," என்று மாமா மண்டியில் எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொள்வாராம். குறை மாதிரி ஆரம்பிக்கும், முடிகிறபோது பார்த்தால் பெருமையாக இருக்கும் என்று அப்பா சிரிப்பார்.

அந்த மகனுக்கு என் தங்கையைக் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவள் நான். என் வாய் அப்படி. "ஊரு உலகத்துல வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா? வருஷத்துக்கு ஒரு தடவ வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போறவனுக்கா குடுக்கணும்?" என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரரோ, தலை தீபாவளிக்கு ரிஸ்ட் வாட்ச் போடவில்லை என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மகானுபாவர். அவரும் என்னோடு சேர்ந்துகொண்டு, பட்டாளத்துக்காரர்கள் முரடர்கள் என்றார்.

பெண் பார்க்க வந்தார் முரடர். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டின தலை. பெண்ணிடம் ஏதாவது கேட்கிறதாக இருந்தால் கேளுங்கள் என்று அப்பா சொன்னதும் காது மடல் சிவந்துபோயிற்று.

"பட்டாளத்துக்காரன்னா உங்களுக்குப் பயமா இருக்குங்களா?" என்று கேட்டார்.

"பட்டாளம்னா பயமில்லீங்க. உங்க தலைமுடியப் பாத்தாத்தான் பயமா இருக்கு," என்றாள் என் தங்கை.

அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளை சிரித்தார் பாருங்கள், கூடம் முழுக்க அந்தச் சிரிப்புதான். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

வைகாசியில் கல்யாணம். லீவு முடிகிறவரை பாதி நாள் தொட்டியத்திலும் பாதி நாள் தென்னூரிலுமாக இருந்தார்கள். அவர் எங்கள் வீட்டில் இருந்த நாட்களில் அம்மாவுக்கு மானம் போய்க்கொண்டே இருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து பாயை மூலைக்கு மூலை சரியாக மடித்து வைத்துவிடுவார். சாப்பிட்ட தட்டைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய் அவரே கழுவுவார். "மாப்பிள்ளை தட்டு கழுவுறத எதிர்வீட்டுக்காரி பாத்துட்டாடி," என்று அம்மா என்னிடம் அழாக்குறையாகச் சொன்னாள். ஒரு நாள் என் தங்கைக்குத் தலைவலி என்று அவரே அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். தெருவே பேசியது. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிக் காட்டினேன். "அதெல்லாம் மிலிட்டரியில பழக்கிடுவாங்க," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் தம்ளரை நீட்டினார்.

பனி எப்படி இருக்கும் என்று நாங்கள் கேட்டோம். எங்களுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. "கல்லுப்ப இடிச்சுக் கொட்டினா மாதிரி கிடக்கும் அண்ணி, முழங்கால் வரைக்கும்," என்றார் என்னிடம். அதில் நின்றுகொண்டா ரோடு வெட்டுவீர்கள் என்று அம்மா வாயைப் பிளந்தாள். அவர் தட்டிலிருந்த பலகாரத்தை நிமிர்த்தி வைத்து, அதன் ஓரத்தை விரலால் கிள்ளி, மலையை இப்படித்தான் ஓரமாகச் செதுக்கிக்கொண்டே போவோம் என்று காட்டினார்.

அந்தப் பலகாரம் அதிரசம். அதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மா இருந்த காலத்தில் தீபாவளிக்கு மறுநாள் அமாவாசையில் கேதாரகௌரி நோன்பு எடுப்பார்களாம். புருஷனுடைய ஆயுசுக்காகப் பெண்கள் எடுக்கிற நோன்பு. அதிரசம் சுட்டு வைத்துக் கும்பிட்டு, கையில் நோன்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். அம்மா போன பிறகு அந்த மாதிரி அதிரசம் தின்றதே இல்லை என்று அவர் ஏதோ பேச்சில் சொல்லிவிட்டார். என் தங்கை உடனே அதிரசம் சுடக் கிளம்பிவிட்டாள். அதுவரை அவள் வெந்நீர் தவிர எதையும் ஒழுங்காக வைத்தவளில்லை. பாகு பதம் தப்பிவிட்டது. எண்ணெயில் போட்டதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தூளாகிக் கடாய் முழுக்க மிதந்தது. அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அந்தத் தூளை வழித்துக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் தின்றார்.

"பட்டாளத்துல எங்களுக்கு மெல்ல நேரமிருக்காது. இப்படி உடைச்சே குடுத்துட்டா சவுகரியம்தான்," என்றார்.

"போங்க. தீபாவளிக்கு வருவீங்கல்ல, அப்ப பாருங்க. ஒண்ணுகூட உடையாது," என்றாள்.

நாலைந்து முழுசாக வந்தவற்றில் ஒன்றைத்தான் மலையாக்கி எங்களுக்கு ரோடு போட்டுக் காட்டினார். ஆடி பிறப்பதற்கு முன்னால் ஜங்ஷனில் ரயில் ஏறினார். தலை தீபாவளிக்கு லீவு சொல்லி வைத்திருப்பதாகவும் கட்டாயம் வந்துவிடுவதாகவும் ஜன்னல் வழியாகச் சொன்னார். நாங்கள் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில் சண்டை வந்தது. லீவு இல்லை என்று இரண்டு வரியில் கார்டு வந்தது. அப்பா மண்டியிலிருந்து வருகிற வழியில் டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் நின்று செய்தி கேட்டுவிட்டு வருவார். கடையில் கூட்டமாக இருக்குமாம். ரேடியோவில் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்றும் அப்பாவுக்கு வாயில் நுழையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மாப்பிள்ள இருக்கிற ஊரச் சொன்னாங்களா?" என்பாள். "ரோடு போடுறவங்க எல்லாம் பின்னாலதான் இருப்பாங்க," என்று அப்பா சொல்வார். அதை நாங்கள் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். என் தங்கையும்தான்.

மாப்பிள்ளை வராவிட்டாலும் தலை தீபாவளியை விடக் கூடாது, விட்டால் திரும்ப வராது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அவருக்கு எடுத்த வேட்டியில் மஞ்சள் வைத்து மணையில் வைப்பது, மகனுக்குப் பதிலாக மாமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்துவது என்று முடிவு செய்தாள். நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டேன்.

என் தங்கை வேறு கவலையே இல்லாதவள் மாதிரி அதிரச மாவில் மூழ்கியிருந்தாள். அரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்தாள். பாகைத் துளி துளியாகத் தண்ணீரில் விட்டு உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் உதவிக்குப் போனால் விரட்டினாள். வாழையிலையில் நெய் தொட்டுத் தட்டி எண்ணெயில் போட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் அதிரசம் முழுசாக மேலே எழும்பி வந்தது. "அக்கா, பாருக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் அம்மா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். ஒரு தகர பிஸ்கட் டப்பாவில் வாழைச் சருகு போட்டு அதிரசங்களை அடுக்கினாள். மாமா வந்ததும் கொடுத்து, அவருக்குப் பார்சல் அனுப்பச் சொல்ல வேண்டும் என்றாள்.

மாமா தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தார். வழக்கமான பழச்சீப்பு இல்லை. பை நிறையப் பூ. மல்லிகை, கனகாம்பரம், கதம்பம் என்று ஒரு கல்யாணத்துக்கு வாங்குகிற அளவுக்கு வாங்கி வந்திருந்தார். "வர்ற வழியில ஸ்ரீரங்கத்துல இறங்கி வாங்குனேன்," என்றார். பூ விஷயத்தில் அவர் இப்படிச் செலவு செய்து நாங்கள் பார்த்ததில்லை.

"என்ன மாமா, மகன விட மருமகதான் உசத்தியா?" என்று நான் கேலி செய்தேன். அந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

"வச்சுக்கட்டும்மா. பச்சப் புள்ள, வச்சுக்கட்டும்," என்றார்.

அன்று காலையில்தான் தொட்டியத்தில் அவருக்குத் தந்தி வந்திருக்கிறது. தந்தி இங்கிலீஷில் இருந்ததால், கொண்டுவந்த தபால்காரரே படித்துச் சொல்லியிருக்கிறார். நாலு நாளைக்கு ஊரில் யாரிடமும் வாயைத் திறக்காதே என்று மாமா அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகு, அந்தத் தீபாவளியில் அவர் செய்த ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து வந்து என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

விடிகாலையில் அப்பா அவர் தலையில் எண்ணெய் வைக்கப் போனார். "வேணாம் சம்பந்தி, தலையில நீர் கோத்துக்கிட்டு வலிக்குது," என்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். புது வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கட்டவில்லை, பைக்குள் வைத்தார். மணையில் மகனுடைய வேட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் உட்காருங்கள் என்று அம்மா சொன்னபோது உட்கார்ந்தார். அவர் கை அந்த வேட்டி மேலேயே இருந்தது. என் தங்கை அரக்குப் பட்டுப்புடவையில், தலை கொள்ளாத பூவோடு வந்து அவர் காலில் விழுந்தாள். கல்யாணமான பெண் காலில் விழுந்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? தீர்க்க சுமங்கலியாக இரு என்பார்கள். நாங்கள் எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தோம். அவர் அவள் தலையில் கையை வைத்தார், ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"நல்லாயிரு தாயி," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் அவளை மத்தாப்புக் கொளுத்தச் சொன்னார். அவள் ஒன்று கொளுத்திவிட்டு, "போதும் மாமா, அவரு வந்தப்புறம் கொளுத்திக்கிறேன்," என்றாள். "இல்ல தாயி, இன்னைக்கே கொளுத்திடு. எல்லாத்தையும் கொளுத்திடு," என்று ஒவ்வொன்றாக அவரே எடுத்து நீட்டினார். வாசல் முழுக்க வெளிச்சம். அவள் சிரித்துக்கொண்டு சக்கரத்தைத் தாண்டிக் குதித்தாள். அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். கிழவருக்கு என்ன குஷி என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

மத்தியானம் வடை, பாயாசம் எதையும் தொடவில்லை. வயிறு சரியில்லை, ரசம் மட்டும் விடம்மா என்றார். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு என் தங்கை மறுநாள் நோன்பைப் பற்றி எடுத்தாள். அத்தை எடுத்துக்கொண்டிருந்த நோன்பை நானே எடுக்கிறேன், அதிரசம்கூட சரியாக வந்துவிட்டது, எப்படிக் கும்பிடுவது என்று மட்டும் சொல்லுங்கள் மாமா என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய மனுஷர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"வேணாம்."

"அத்த எடுப்பாங்கன்னு அவரு சொன்னாரே மாமா."

"அவ போனதோட நோன்பும் போச்சு. எங்க வீட்டுல இனிமே நோன்பு கிடையாது. கயிறு கட்டிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அவர் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதே இல்லை. என் தங்கை முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குச் சுர்ரென்று வந்தது. சம்பந்தி என்கிற மிடுக்கை நல்ல நாளில்தான் காட்ட வேண்டுமா என்று முணுமுணுத்தேன். அம்மா என்னை அடக்கினாள். அவர் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என் தங்கை ஓடிப்போய் அந்த பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தாள்.

"கோவப்படாதீங்க மாமா, நோன்பு எடுக்கல. இத மட்டும் அவருக்கு அனுப்பி வச்சிருங்க. உடையாமப் போயிச் சேரணும்."

அவர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடியும் வந்தார். கூட அவருடைய பங்காளி ஒருவர். இரண்டு பேரும் வாசலுக்கு வராமல் தெருவிலேயே நின்றார்கள். நான் எட்டிப் பார்த்து, "வாங்க மாமா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்றேன்.  அம்மா வழக்கம்போலச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"தண்ணி வேணாம் சம்பந்தி," என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நீட்டின சொம்பை நீட்டினபடியே நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்கிறார், தண்ணீர் வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் யார் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்? 

"நம்ம புள்ள போயிட்டானாம்," என்று பங்காளிதான் சொன்னார். "சண்டையில. அங்கேயே எரிச்சுட்டாங்களாம்."

என் தங்கை எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியாது. அவள் தலையில் தீபாவளிக் கனகாம்பரம் வாடாமல் இருந்தது. அவள் அழவில்லை. கேட்டது காதில் ஏறாதவள் மாதிரி நின்றாள். "எப்ப சேதி வந்துச்சு?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அவர் ஒளிக்கவில்லை. "தீபாவளிக்கு மொத நாளு," என்றார்.

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "தீட்டோடயா வந்து மணையில உக்காந்தீங்க?" என்றாள். ஒரு உயிர் போயிருக்கிறது, இவளுக்குத் தீட்டா பெரிதாகப் போயிற்று என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் நெஞ்சில் அறைந்தது அதுதான். பூ வாங்கியது, எண்ணெய்க்குத் தலையை மூடிக்கொண்டது, எல்லா மத்தாப்பையும் கொளுத்தச் சொன்னது என்று வரிசையாக என் கண்முன் வந்தது. நான் தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். "நீங்கள்லாம் மனுஷனா? அவரு அங்க எரிஞ்சுக்கிட்டிருக்காரு, இவள இங்க மத்தாப்புக் கொளுத்த வச்சு வேடிக்கை பாத்தீங்களே, நெஞ்சா அது, இல்ல கல்லா?" என்று. அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்த்தார்கள். பங்காளி என்னை அதட்டினார். மாமா தலையைக் குனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

"நான் சிரிச்சேனேக்கா," என்றாள் என் தங்கை. "சக்கரத்தத் தாண்டிக் குதிச்சேனே." அவ்வளவுதான் பேசினாள்.

பிற்பாடு மாப்பிள்ளையோடு பட்டாளத்தில் வேலை பார்த்த ஒருவர் தொட்டியத்துக்கு வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனார். ரோடு வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே குண்டு விழுந்ததாம். கையில் மண்வெட்டி இருந்ததாம். பின்னால்தான் இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோமே, சண்டையில் முன்னால் பின்னால் என்று ஒன்று இல்லை என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.

கருமாதி தொட்டியத்தில் நடந்தது. முதல் நாள் ராத்திரி அவளுக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, மறுநாள் காலையில் காவேரிக் கரையில் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பூவைப் பிய்த்தார்கள், வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். அதைச் செய்தவர்கள் எல்லோரும் பெண்கள், முறைக்காரிகள். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கு இருந்த வாய்க்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இருபது வயசு நிரம்பாத பெண் ஈரப்புடவையில் வெறும் நெற்றியோடு எழுந்து நின்றபோது, அது என் தங்கை என்று அடையாளம் பிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பயந்துபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் தங்கையைப் பார்த்தே பயந்துபோனேன்.

மாமா அங்கே இல்லை. தேடிக்கொண்டு போனேன். வாழைத் தோட்டத்துக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"இதையும் வந்து பாக்குறதுதானே மாமா," என்றேன்.

அவர் திரும்பினார். "இது நடக்கும்னு எனக்குத் தெரியும்மா. எங்கம்மாவுக்கு நடந்துச்சு, எங்கக்காவுக்கு நடந்துச்சு. நிறுத்துற சக்தி எனக்கு இல்ல. மொத நாளே வந்து சொல்லியிருந்தா அந்தப் புள்ளைக்குத் தல தீபாவளிகூட இல்லாமப் போயிருக்கும். ஒரு நாளு தள்ளிப்போட முடிஞ்சுது. அதான் செஞ்சேன்."

"அப்ப நோன்ப மட்டும் ஏன் வேணாம்னீங்க?"

"பூ வைக்கச் சொல்லலாம், மத்தாப்புக் கொளுத்தச் சொல்லலாம். இல்லாத உசுருக்கு ஆயுசு கேட்டு அவளக் கயிறு கட்டச் சொல்ல எனக்கு மனசு வரலம்மா."

அவர் செய்தது சரியா தப்பா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. சில நாள் அவரை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும். சில நாள், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பஸ்ஸிலேயே அலறியிருப்பேன் என்று தோன்றும். நெஞ்சில் அத்தனை பெரிய பாறாங்கல்லை வைத்துக்கொண்டு, மத்தாப்பை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியிருக்கிறார் மனுஷர்.

அன்று சாயங்காலம் அவளைத் தென்னூருக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். சேதி வந்த நாளிலிருந்து அவள் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் இருக்கிற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. வண்டி வந்து நின்ற பிறகு, வாசல்படியில் நின்றுகொண்டு முதல் தடவையாக அவரைக் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த டப்பா எங்க?"

 நாங்கள் எல்லோரும் அதை மறந்தே போயிருந்தோம். அவர் உள்ளே போய் எடுத்து வந்தார். கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மூடியைத் திறந்து காலியாக இருப்பதை அவளுக்குக் காட்டினார்.

"தீபாவளிக்கு மறுநாளு காவேரியில தலை முழுகிட்டு, கரையில இலை போட்டு அவனுக்குப் படைச்சேன் தாயி. வேற எதுவும் வைக்கல. நீ சுட்டத மட்டும்தான் வச்சேன்."

உயிரோடு இருக்கிற புருஷனுக்கென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டது, செத்தவருக்கு முதல் படையலாகப் போயிருக்கிறது. நான் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இவள் என்ன செய்வாள், அவர் முகத்தில் டப்பாவை விட்டெறிவாளா என்று பார்த்தேன்.

அவள் டப்பாவை வாங்கி மூடியைச் சரியாகப் போட்டு மூடினாள்.

"உடையாம இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட உடையல தாயி," என்றார் அவர். அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.